முகத்தைப் பார்த்து விசாவைக் கண்டுபிடிக்க முடியுமா?

களுவாஞ்சிக்குடித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மச்சான் அமெரிக்காவில் கிரீன் கார்ட்டோடு இருக்கிறார். வேலைக்குப் போகும் வழியில் மறித்து, எந்த நாடு, பேப்பர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள், அன்றிலிருந்து மனுசன் வெளியே போகவே பயப்படுகிறார். தம்பியின் கேள்வி இதுதான்: விசா இல்லாதவரைப் பிடிப்பது அந்த நாட்டின் உரிமைதானே, ஆளைப் பார்த்துத்தானே சந்தேகப்பட முடியும், இதில் இனப்பாகுபாடு எங்கே வந்தது?

முதல் பாதிக்குப் பதில் ஆம். யார் உள்ளே வரலாம், எவ்வளவு காலம் இருக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை எல்லா நாட்டுக்கும் உண்டு. எங்கள் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் இருக்கிறது. அறுகம்பையில் சுற்றுலா விசாவில் வந்தவர்கள் கடை போடுகிறார்கள், தங்கள் பிழைப்புப் போகிறது என்று பொத்துவில் ஆட்கள் முறையிடுவது நியாயமான முறைப்பாடு. அதை விசாரிக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். சிக்கல் முழுக்க உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதியில் இருக்கிறது, அந்த "ஆளைப் பார்த்து" என்ற இடத்தில்.

ஒருவர் கடையை உடைத்தால் உடைத்ததைப் பார்த்தவர் இருப்பார், பூட்டு உடைந்து கிடக்கும். குடித்துவிட்டு ஓட்டினால் வாகனம் தள்ளாடும். விசா முடிந்துபோனதற்கு வெளியே தெரிகிற அடையாளம் எதுவுமே கிடையாது, அது குடிவரவு அலுவலகத்தின் கணினியில் ஒரு திகதியாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரு பொலிஸ்காரரை வீதியில் நிறுத்தி, விசா இல்லாதவர்களைக் கண்டுபிடி, இவ்வளவு பேரைப் பிடித்துக் காட்டு என்று மேலிடம் சொன்னால் அவர் எதைப் பார்ப்பார்? தோலின் நிறத்தை, பேசும் மொழியை, உடுப்பை, கையில் இருக்கும் வேலைச் சாமானை. அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பெரிய விசயமே இல்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலையே அவரை அங்கே கொண்டுபோய் விடுகிறது. அப்புறம் அந்த வலையில் விசா இல்லாதவரோடு சேர்ந்து கிரீன் கார்ட் இருப்பவர், பிரஜாவுரிமை எடுத்தவர், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை எல்லாரும் மாட்டுகிறார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் விசா முடிந்து பத்து வருடம் அங்கே இருந்தாலும் அவரை யாரும் மறிக்கப் போவதில்லை. ஆக, சட்டம் எல்லாருக்கும் பொது, மறிப்பது மட்டும் சிலரை.

மட்டக்களப்பில் யுத்தக் காலத்தை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, தம்பியின் வயதுக்கு அது கேள்விப்பட்ட கதையாக இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். கொழும்புக்குப் போகும் பஸ்ஸை வெலிக்கந்தையிலும் மன்னம்பிட்டியிலும் நிறுத்துவார்கள். இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்து அடையாள அட்டையை நீட்ட வேண்டும். அப்போதைய அட்டையில் சிங்களவருக்குச் சிங்களத்தில் மட்டும் எழுதியிருக்கும், எங்களுக்குச் சிங்களத்தோடு தமிழும் இருக்கும், பிறந்த இடமும் போட்டிருக்கும். செக் பொயிண்டில் நிற்பவருக்கு உங்கள் பெயரை வாசிக்க வேண்டிய தேவைகூட இல்லை, அட்டையைக் கண்ட உடனேயே உங்களை எந்தப் பக்கம் விடுவது என்று தெரிந்துவிடும். நீங்கள் சாதாரணதரப் பரீட்சை எழுதிய பிள்ளையா, ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மாவா, கச்சேரியில் வேலை செய்பவரா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்வி. கொழும்பில் போய் இறங்கினால் தங்கும் லொட்ஜில் பொலிஸ் பதிவு, ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய் என்ற விசாரணை, சொந்த நாட்டுக்குள்ளேயே விசா கேட்ட மாதிரி.

அது எங்கே போய் முடிந்தது என்பதைத் தம்பி கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடிவதற்கு முன்னர் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்கள் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்சியில் காத்திருந்தவர்கள், பாஸ்போர்ட் எடுக்க வந்தவர்கள், வைத்தியம் செய்ய வந்தவர்கள் அதில் இருந்தார்கள். தக்க காரணம் இல்லாமல் கொழும்பில் தங்கியிருந்தார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட விளக்கம். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது, அன்றைய பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க பிழை நடந்துவிட்டது என்று அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். கொழும்பில் குண்டுகள் வெடித்தது உண்மை, பொலிஸுக்குப் பாதுகாப்புக் காரணம் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்த 376 பேரில் எவருடைய பெயரிலும் தனித்தனியாக ஒரு சந்தேகம் இருந்து அவர்களை ஏற்றவில்லை. தமிழர், லொட்ஜில் இருக்கிறார், அவ்வளவுதான்.

இதையும் சொல்லிவிட வேண்டும். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம்களைத் தாடியையும் உடுப்பையும் வைத்து மறித்துச் சோதித்தபோது, "பிழை செய்யாவிட்டால் பயம் என்னத்துக்கு" என்று எங்கள் ஆட்கள் சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறேன். சீயோன் தேவாலயத்தில் செத்த பிள்ளைகளின் வலி யாருக்கும் குறைந்தது இல்லை. ஆனாலும் அதே வசனத்தை எங்களைப் பார்த்து முப்பது வருடம் சொன்னார்கள். தம்பியின் கேள்விக்குள்ளும் அந்த வசனம் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே இந்த வாதம் நீதிமன்றங்களில் ஐம்பது வருடமாக நடக்கிறது. 1975இல் பிரிக்னோனி பொன்ஸ் என்ற வழக்கில் உயர் நீதிமன்றம், எல்லைக் காவல் படை ஒரு வாகனத்தை மறிக்க அதில் இருப்பவர்கள் மெக்சிக்கர் மாதிரித் தெரிகிறார்கள் என்பது மட்டும் போதாது, நியாயமான சந்தேகத்துக்கு வேறு காரணங்களும் வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு மாதிரித்தான் தெரியும். ஆனால் அதே தீர்ப்பு, தோற்றம் மற்றக் காரணங்களோடு சேர்ந்து கணக்கில் வரலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. அடுத்த வருடம் மார்ட்டினெஸ் ஃபுவேர்ட்டே வழக்கில், நிரந்தரச் சோதனைச் சாவடி என்றால் தனிப்பட்ட சந்தேகமே தேவையில்லை என்று இன்னும் கொஞ்சம் திறந்தது. 2000ஆம் ஆண்டில் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் மொண்டேரோ கமார்கோ வழக்கில் சொன்னதுதான் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது: ஓர் ஊரில் பெருந்தொகையானோர் அதே தோற்றத்தில் இருக்கும்போது, தோற்றம் ஒருவரைப் பற்றி எதையுமே சொல்லாது. ஆரையம்பதிச் சந்தையில் நின்றுகொண்டு, தமிழர் மாதிரித் தெரிகிறார் என்பதற்காக ஒருவரைச் சந்தேகப்பட முடியுமா? அதே மாதிரித்தான்.

எல்லைக் காவல் படையின் வேலை உள்ளூர்ப் பொலிஸின் கைக்குப் போனபோது என்ன நடந்தது என்பதற்கு அரிசோனா மாநிலத்தைப் பார்க்கலாம். 1997 ஜூலையில் அங்கே சாண்ட்லர் நகரத்தில் பொலிஸும் எல்லைக் காவல் படையும் சேர்ந்து ஐந்து நாள் சுற்றிவளைப்புச் செய்தார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள், கூடவே அந்த ஊரிலேயே பிறந்த அமெரிக்கப் பிரஜைகளும் கடை வாசலிலும் வீதியிலும் மறித்துக் கேட்கப்பட்டார்கள். மாநிலச் சட்டமா அதிபரின் விசாரணையே அதைக் கண்டித்தது. ஆனால் அதிலிருந்து பாடம் படித்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் 2010 ஏப்ரல் 23இல் அதே மாநிலம் எஸ்.பி. 1070 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. பொலிஸ் வேறு காரணத்துக்காக ஒருவரை மறிக்கும்போது அவர் சட்டவிரோதமாக இருப்பவர் என்று நியாயமான சந்தேகம் வந்தால் விசா நிலையை விசாரித்தே ஆக வேண்டும் என்றது அதன் ஒரு பிரிவு. அதைத்தான் எல்லாரும் "பேப்பரைக் காட்டு" சட்டம் என்றார்கள். 2012 ஜூன் 25இல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் மூன்று பிரிவுகளைத் தள்ளுபடி செய்தது, இந்தப் பிரிவை மட்டும் அப்போதைக்கு விட்டுவிட்டது. 2016இல்தான் ஒரு சமரசத்தில், பேப்பரை விசாரிப்பதற்காக மட்டும் ஒருவரை மேலதிகமாக நிறுத்தி வைக்கக் கூடாது என்ற வழிகாட்டல் வந்தது.

அதே அரிசோனாவில் மரிக்கோப்பா கவுண்டியின் பொலிஸ் தலைவரான ஷெரிஃப் ஜோ ஆர்பாயோவின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1996இல் குடிவரவுச் சட்டத்தில் சேர்த்த 287(ஜி) என்ற பிரிவு, மத்திய அரசு உள்ளூர்ப் பொலிஸுக்குக் குடிவரவு அதிகாரத்தைக் கொடுக்க வழிவிட்டது, அந்த அதிகாரத்தை அவருடைய ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். சிக்னல் லைட் எரியவில்லை, கண்ணாடியில் கீறல் என்று சின்னச் சின்னப் போக்குவரத்துக் காரணங்களுக்கு லத்தீன் அமெரிக்கத் தோற்றமுள்ளவர்களின் வாகனங்களை மறிப்பது, பிறகு பேப்பர் கேட்பது. 2013 மே மாதம் நீதிபதி முர்ரே ஸ்னோ இது இனப்பாகுபாடுதான் என்று தீர்ப்பளித்தார். ஆர்பாயோ நீதிமன்ற உத்தரவை மதிக்காமல் தொடர்ந்ததால் 2017 ஜூலையில் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளியானார், அடுத்த மாதமே ஜனாதிபதி ட்ரம்ப் அவருக்கு மன்னிப்புக் கொடுத்தார். இதில் கவனிக்க வேண்டியது, எழுத்தில் எங்கேயும் "இந்த இனத்தை மறி" என்று இருக்கத் தேவையில்லை என்பதுதான். போக்குவரத்துச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், யாருடைய லைட் எரியவில்லை என்று பார்ப்பது என்பதில்தான் பாகுபாடு உள்ளே வருகிறது.

மிக அண்மையில் நடந்தது லொஸ் ஏஞ்சலஸ் வழக்கு. உங்கள் மச்சானின் பயத்துக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. 2025 ஜூலை 11இல் அங்குள்ள மாவட்ட நீதிமன்றம் மத்திய குடிவரவு அதிகாரிகளுக்கு ஒரு தடை போட்டது. தோற்றத்தில் தெரியும் இனம், ஸ்பானிஷ் மொழி அல்லது உச்சரிப்பு வித்தியாசமான ஆங்கிலம், கார் கழுவும் இடம் பஸ் தரிப்பிடம் மாதிரியான ஓர் இடத்தில் நிற்பது, செய்யும் வேலையின் வகை, இந்த நான்கை மட்டும் வைத்து ஆட்களை மறிக்கக் கூடாது என்றது. செப்டம்பர் 8இல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. பெரும்பான்மை நீதிபதிகள் சேர்ந்து விளக்கம் எழுதவில்லை, நீதிபதி கவனா மட்டும் தனியாக எழுதினார்: இனத் தோற்றம் மட்டும் போதாது, ஆனால் மற்றவற்றோடு சேர்ந்து ஒரு காரணமாக இருக்கலாம், சட்டப்படி இருப்பவர்களுக்கு இது ஒரு சிறிய நேர விசாரிப்புத்தான் என்று. நீதிபதி சோட்டோமேயரும் வேறு இருவரும் கடுமையாக எதிர்த்தார்கள். செக் பொயிண்டில் வெயிலில் நின்ற யாரிடமாவது அந்தச் "சிறிய நேரம்" பற்றிக் கேட்டுப் பாருங்கள். மறிக்கப்பட்டவர் ஐந்து நிமிடத்தில் விடப்பட்டாலும், நாளைக்கும் மறிப்பார்களோ என்ற பயம் ஐந்து நிமிடத்தில் போகாது. உங்கள் மச்சானுக்கு நடந்திருப்பது அதுதான்.

"ஆனால் பாதுகாப்பு" என்று கேட்பவர்களுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. லொஸ் ஏஞ்சலஸ் பொலிஸே 1979இல் சிறப்பு உத்தரவு 40 என்று ஒன்றைப் போட்டு, விசா நிலையைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் தங்கள் அதிகாரிகள் எந்த நடவடிக்கையும் தொடங்கக் கூடாது என்றது. போட்டவர் பொலிஸ் அதிபர் டாரில் கேட்ஸ், மென்மையான போக்குள்ளவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. பொலிஸைக் கண்டால் ஓடும் ஓர் ஊரில் திருட்டையும் அடிதடியையும் யார் வந்து சொல்வார்கள், சாட்சி சொல்ல யார் வருவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் அடிவாங்கும் பெண் பொலிஸுக்கு அழைத்தால் புருசனை நாடு கடத்திவிடுவார்களோ, தன்னையே பிடித்துக்கொள்வார்களோ என்று பயந்து பேசாமல் இருப்பாள். எங்கள் ஊரில் பொலிஸ் நிலையத்துக்குப் போகவே பயந்த அந்தக் காலத்தில் எத்தனை விசயம் முறைப்பாடு ஆகாமலே போனது என்று பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஐரோப்பாவில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருப்பதால் அதையும் சொல்கிறேன். 1992இல் ஸ்பெயினின் வல்லடோலிட் ரெயில் நிலையத்தில் ரோசலிண்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடம் மட்டும் பொலிஸ்காரர் அடையாள அட்டை கேட்டார், பக்கத்தில் நின்ற கணவரிடம் கேட்கவில்லை. அவர் அப்போதே ஸ்பெயின் பிரஜை. அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் கைவிட, அவர் ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்குப் போனார், 2009இல் அது அவர் பக்கம் நின்றது. அந்த முடிவு உங்கள் கேள்விக்கே எழுதிய பதில் மாதிரி இருக்கும்: குடிவரவுக் கட்டுப்பாட்டுக்காக அடையாளம் கேட்பது தவறில்லை, ஆனால் உடல் தோற்றத்தை மட்டும் வைத்து ஒருவர் சட்டவிரோதமாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சுவிஸில் 2015இல் சூரிச் பிரதான ரெயில் நிலையத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மொகமட் வா பைலே என்ற சுவிஸ் பிரஜையை மறித்தார்கள். பொலிஸைக் கண்டு கண்ணைத் திருப்பிக்கொண்டார், அதனால் வெளிநாட்டவர் சட்டத்தை மீறியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தது என்பது பொலிஸின் விளக்கம். அவர் அட்டையைக் காட்ட மறுத்தார், 100 பிராங்க் தண்டம் போட்டார்கள். விடாமல் வழக்காடி 2024 பெப்ரவரி 20இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் வென்றார். கண்ணைத் திருப்பினார் என்ற காரணத்தைப் பாருங்கள். ஆமியைக் கண்டால் நேராகப் பார்க்காதே, குனிந்து நடந்து போ என்றுதானே எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள்.

அப்படியானால் சட்டத்தை எப்படித்தான் அமுல்படுத்துவது என்று கேட்டால், தோற்றம் தேவைப்படாத இடங்கள் நிறைய இருக்கின்றன. விமான நிலையத்தில் எல்லாரும் பாஸ்போர்ட் காட்டுகிறார்கள். வேலை கொடுக்கும் முதலாளியின் பதிவேட்டைப் பரிசோதிக்கலாம், அங்கே பேப்பர்தான் பேசும், முகம் பேசாது. அறுகம்பையிலும் அப்படித்தான், வியாபாரப் பதிவு யார் பெயரில், வாடகை யார் பெயரில் என்று பார்த்தால் போதும், கடற்கரையில் நடக்கும் வெள்ளைத் தோல்காரர் எல்லாரையும் மறிக்க வேண்டியதில்லை. வீதியில் மறித்தே ஆக வேண்டும் என்றால் ஏன் மறித்தோம் என்று ஒவ்வொரு முறையும் எழுதி, அதன் பிரதியை மறிக்கப்பட்டவர் கையில் கொடுக்க வேண்டும். யாரை அதிகம் மறிக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரியும்.

கடைசியாக மச்சானின் விசயம். அவரை மறித்தது ஊர்ப் பொலிஸா, மத்திய குடிவரவு அதிகாரிகளா என்று முதலில் கேளுங்கள், எந்த மாநிலம் என்றும் கேளுங்கள். கலிபோர்னியாவில் 2017இல் வந்த எஸ்.பி. 54 உள்ளூர்ப் பொலிஸ் குடிவரவு வேலை செய்வதை மட்டுப்படுத்துகிறது, டெக்சஸில் அதே வருடம் வந்த எஸ்.பி. 4 அதற்கு நேர்மாறு. பிரஜை அல்லாத, 18 வயது நிரம்பியவர்கள் பதிவு அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், அதனால் கிரீன் கார்ட்டை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். மறித்தால் ஓடக் கூடாது, கையைத் தட்டிவிடக் கூடாது. நான் போகலாமா என்று கேட்கலாம், போகலாம் என்றால் அமைதியாகப் போய்விடலாம். அட்டையைக் காட்டிய பிறகு மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை இருக்கிறது, பொய் சொல்லும் உரிமை இல்லை. பயத்தில் நான் அமெரிக்கப் பிரஜை என்று மட்டும் ஒருநாளும் வாயில் வரக் கூடாது, அந்த ஒரு பொய் அவருடைய கிரீன் கார்ட்டையே பறித்துவிடும். விளங்காத எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடக் கூடாது. நடந்த திகதி, இடம், அதிகாரியின் பெயர் அல்லது இலக்கம், கேட்ட கேள்வி, யார் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டு ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைப் பார்க்கட்டும்.

இங்கே எங்களுக்கு நடந்தால் அரசியலமைப்பின் உறுப்புரை 12(2) இனம், மதம், மொழி, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது, உறுப்புரை 126இன் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரு மாதம் என்பது வேகமாக ஓடிவிடும், அதற்குள் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கில் வராது.

அப்புறம் ஒரு வேலை தம்பிக்கும் இருக்கிறது. மச்சானின் கிரீன் கார்ட்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி உங்கள் வீட்டில் ஒருவர் வைத்திருங்கள். அதில் ஒன்பது இலக்கங்கள் கொண்ட ஏ இலக்கம் (A-Number) இருக்கும், இப்போதைய அட்டைகளில் அது USCIS# என்று போட்டிருக்கும். அவரை எங்கேயாவது தடுத்து வைத்தால், எந்த முகாமில் இருக்கிறார் என்று அமெரிக்கக் குடிவரவுத் துறையின் இணையத் தேடலில் அந்த இலக்கத்தையும் பிறந்த நாட்டையும் போட்டுத் தேடலாம்.